கட்டிலைப் பார்த்த கேமரா

கேமராக்காரர் ஏணியை வாசல் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். நாலைந்து நாளாக விட்டு விட்டுத் தூறல். வாசல் முழுக்கச் சேறு. துக்க வீட்டுக்குள் சேற்றுக் காலோடு போக முடியாது, கரண்ட் வேலைக்கு வெறுங்காலோடு நிற்பதும் நல்லதில்லை. கடைசியில் கழற்றித்தான் விட்டார்.

"ஏணி எதுக்குத் தம்பி? பெட்டியத்தானே பாக்கணும்" என்றார் மெத்தைக்கடைக்காரர் உள்ளிருந்து.

"கேமராவக் கழட்டச் சொல்லுவீங்களோன்னு கொண்டாந்தேன் சார்."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல உண்மை தெரியணும்."

உண்மை தெரியணும் என்பதை அவர் அன்று காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. நுரை மெத்தைக்கும் பஞ்சு மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த குரல் அது. அம்மா போன வீட்டில்கூட அதற்குத் தணிந்து போகத் தெரியவில்லை. வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அந்தக் குரல் ஒன்றையே சொன்னது: தங்கச்சி ஒழுங்காகப் பார்த்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள்.

தங்கச்சி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது தாண்டிவிட்டது, முன்தலை நரைத்தும் விட்டது, ஆனால் அந்த வீட்டுக்கு அவள் பாப்பாதான். கல்யாணம் இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. திரும்பி வந்து அம்மாவோடேயே இருந்துவிட்டாள். விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர மெஷின்களில் போர்வையும் தலையணை உறையும் சுற்றிச் சுற்றி வெளுக்கும். அவளும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு நுனி பிடித்து ஈரப் போர்வையைச் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கம் வெந்துபோய் வரும் துணியை இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். இவள் கொஞ்சம் நின்றால் அந்தப் பக்கத்து இரண்டு பேரும் நிற்க வேண்டும். அதனால் யாரும் நிற்பதில்லை. ஃபோன் எல்லாம் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும். டீ நேரத்திலும் சோற்று நேரத்திலும் எடுத்துப் பார்க்கலாம்.

பகலில் அம்மாவுக்குத் துணையாக ஒரு ஆள் வைக்க வேண்டும் என்று பாப்பாதான் முதலில் கேட்டாள். அண்ணன் கேமரா வைத்தார். "ஆள் வந்தா ஃபோனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். அதுக்குப் பதிலா நாமளே ஃபோன்ல அம்மாவப் பாத்துக்கலாமே" என்றார். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. கூடவே தன் கடையிலிருந்து ஒரு மெத்தையும் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். குழி விழாத மெத்தை என்றார். கேமராக்காரர் இப்போது பார்த்தபோது அதில் ஒரு சின்ன உடம்பின் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

கட்டிலின் ஓரமாக நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். செத்துப்போனவளுக்குத் தம்பி. பஸ் ஓட்டி ஓய்ந்தவர், அதனால் எதையும் நேராகப் பார்த்தபடியே பேசுவார். நனைந்த குடையை மடக்கி மடியிலேயே வைத்திருந்தார். வேட்டி நனைந்துகொண்டிருப்பது அவருக்கு உறைக்கவில்லை.

"டீ சாப்பிடுறியா தம்பி?" என்று பாப்பா கேட்டாள்.

"வேலைய முடிச்சிட்டுக் குடிக்கிறேன்க்கா."

பெட்டி, டிவிக்குக் கீழே ஒயர்களுக்கு நடுவில் தூசி படிந்து கிடந்தது. கேமரா பார்ப்பதையெல்லாம் பிடித்து வைப்பது அதுதான். கேமராக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து தன் துண்டால் தூசியைத் துடைத்தார். டிவியோடு ஒயரைச் சேர்த்தார். அம்மா விழுந்த நாளின் தேதியைத் தேடி எடுத்தார். கடைகளில் திருடனைத் தேடிக் கொடுத்திருக்கிறார், பால் பாக்கெட் எடுத்துக்கொண்டு போன நாயைக்கூடத் தேடிக் கொடுத்திருக்கிறார். இந்த மாதிரி இதுவரை வந்ததில்லை.

படம் வந்தது. அம்மா படுத்திருந்தாள். ஜன்னல் பக்கம் முகம். படத்தின் மூலையில் பெரிய எழுத்தில் மெத்தைக்கடையின் பெயர் இருந்தது. வழக்கமாகத் தேதியும் மணியும் ஓடும் இடம் அது. கடையில் புது டிவி மாட்டியபோது, நம்பர் எல்லாம் எதற்கு, கடை பேரைப் போடு என்று மெத்தைக்கடைக்காரர் கேட்டார். கேமராக்காரரும் போட்டுக்கொடுத்தார்.

அம்மா தலையைத் தூக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். படத்தில் சத்தம் கிடையாது, ஆனாலும் மழை ஆரம்பித்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. மெதுவாக எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கால்கள் செருப்பைத் தேடின. கட்டில் தலைமாட்டைப் பிடித்து நின்று, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, படத்தை விட்டு வெளியே போனாள். அதன்பிறகு கட்டில் மட்டும் இருந்தது.

கொல்லையில் கொடி கட்டியிருந்தது. அதில் பாப்பாவின் சலவைக்கூடத்துச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மறுநாளுக்கு அது ஒன்றுதான். அதை எடுக்கத்தான் அம்மா போனாள். சாயங்காலம் பாப்பா வந்து பார்த்தபோது கொல்லைப்படியில் விழுந்து கிடந்தாள். சட்டையை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்திருந்தாள். இடுப்பு உடைந்திருந்தது. மழையில் அவ்வளவு நேரம் கிடந்ததில் உடம்பு விறைத்துப் போயிருந்தது. உயிர் இருந்தது, பேச்சு இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் அதுவும் போயிற்று. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

"கொல்லைப் பக்கம் கேமரா இல்லைங்க. கட்டில் மட்டும்தான் தெரியும். எந்திரிச்சது காலைலன்னு பெட்டில பதிவாயிருக்கு."

"பாத்துக்கங்க மாமா" என்றார் மெத்தைக்கடைக்காரர். "காலைலயே எந்திரிச்சுப் போயாச்சு. இவ என்ன சொல்றா? டீ நேரத்துல பாத்தாளாம், தூங்குனாங்களாம். மத்தியானம் சோத்து நேரத்துல பாத்தாளாம், அப்பவும் தூங்குனாங்களாம். இல்லாத ஆள் எப்படித் தூங்கும்?"

"பாத்தேண்ணே."

"எதப் பாத்த? காலிக் கட்டிலையா?"

"அம்மாவப் பாத்தேன்."

"பொய் சொல்லாத. வேலை மும்முரத்துல பாக்கலன்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. செத்துப்போனவங்க மேல பொய் சொல்றியே, அதான் தாங்க முடியல."

மாமா நாற்காலியைப் பாப்பாவின் பக்கம் திருப்பினார். "பாப்பா, பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிரும்மா. மனுஷனுக்கு மறக்கும். யாரும் உன்னத் தூக்குல போடப் போறதில்ல."

"பாத்தேன் மாமா."

"அப்ப பெட்டி பொய் சொல்லுதா?"

இந்தக் கேள்வியைப் பாப்பாவே தன்னிடம் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தாள். அலமாரியைத் திறந்தது, ஃபோனை எடுத்தது, ஒரு கையில் ரொட்டித் துண்டும் ஒரு கையில் ஃபோனுமாக அம்மாவைப் பார்த்தது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், எங்கம்மா நல்லாத் தூங்குது பாரு என்று காட்டியதுகூட ஞாபகம் இருந்தது. ஆனால் எல்லாருமாகச் சேர்ந்து இல்லை இல்லை என்றால் யாருக்கும் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும். அவளுக்கும் வந்திருந்தது. ஒருவேளை முந்தின நாள் பார்த்ததைத்தான் சொல்கிறோமோ என்று இரண்டு நாள் பயந்தாள். அப்படியானால் அம்மா மழையில் கிடந்தபோது தான் உட்கார்ந்து ரொட்டிதான் தின்றிருக்கிறோம். அதோடு எப்படி உயிரோடு இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, உங்க ஃபோனக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் கேமராக்காரர்.

பாப்பா இடுப்பில் செருகியிருந்த ஃபோனைக் கையால் மூடிக்கொண்டாள். "எதுக்குத் தம்பி?"

"அந்த ஆப் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"ஒண்ணும் பண்ணிற மாட்டியே?"

"பாக்கத்தான் போறேன்."

அவள் நகரவில்லை. அண்ணனைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள். "சொன்னா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சும்பீங்க. அதான் சொல்லல. அன்னிக்கப்புறம் இத நான் தொறக்கவே இல்ல, பயமா இருந்துச்சு. நேத்து நீங்கல்லாம் நம்ம கடையத் தொறக்கப் போனப்புறம் இதத் தொறந்தேன். அம்மா இருந்தாங்க."

"என்னம்மா சொல்ற?"

"தூங்கிட்டு இருந்தாங்க மாமா. சார்ஜ் போற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். அன்னிக்கப்புறம் நான் தூங்குனது நேத்துதான்."

கட்டிலருகே வந்து ஃபோனைத் திறந்து நீட்டினாள். மூன்று பேரும் குனிந்தார்கள். விரிசல் விட்ட கண்ணாடிக்குள் இதே அறை, இதே கட்டில். அம்மா ஜன்னல் பக்கம் முகம் வைத்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துப் படுத்திருந்தாள். காலடியில் மெத்தைக்கடையின் பெயர். மாமா நிமிர்ந்து எதிரில் இருந்த கட்டிலைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. திரும்பவும் ஃபோனைப் பார்த்தார்.

"ஃபோட்டோ பிடிச்சு வச்சிருக்கா" என்றார் மெத்தைக்கடைக்காரர். ஆனால் குரலில் பழைய கனம் இல்லை.

"ஃபோட்டோ இல்ல சார். ஆப்தான் இது." கேமராக்காரர் ஃபோனைக் கையில் வாங்காமலே கூர்ந்து பார்த்தார். படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "அக்கா, இந்த வட்டம் அன்னிக்கும் சுத்துச்சா?"

"ஆமா. சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. சுத்துனா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

கேமராக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளைச் சொல்லி என்ன பயன்? அவள் நாளெல்லாம் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் வட்டக் கண்ணாடி உண்டு. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வரை கவலை இல்லை, நின்றால்தான் ஓட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

"இல்லக்கா. அது சுத்துனா படம் இன்னும் வரலன்னு அர்த்தம். புதுப் படம் வர்ற வரைக்கும், கடைசியா வந்த பழைய படத்தையே ஆப் காட்டிக்கிட்டு இருக்கும். அன்னிக்குக் காலைல எப்பவாச்சும் பாத்தீங்களா?"

"பஸ்ல போறப்ப பாத்தேன். எப்பவும் பாப்பேன்."

"அப்ப அம்மா?"

"தூங்கிட்டு இருந்தாங்க."

"அந்தப் படந்தான் இது. அதுக்கப்புறம் உங்க ஃபோனுக்கு ஒண்ணும் வரல. நீங்க பாத்தது நெசம். ஆனா பாத்தது காலைல இருந்த அம்மாவ."

பாப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாமாதான் பெருமூச்சு விட்டார். "அப்ப அவ பொய் சொல்லல."

"சொல்லலைங்க."

"ஏன் வரல?" என்றார் மெத்தைக்கடைக்காரர் சட்டென்று. "நெட் லைனுக்கு மாசாமாசம் பணம் கட்டுறேன். நீதானே தம்பி எல்லாத்தையும் போட்ட? உன் மேலதான் தப்பு."

"என் மேலயும் இருக்கு சார்." கேமராக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "இந்த வீட்டு லைன் ரொம்ப ஒல்லி. படத்த வெளிய ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா அடுத்தவங்களுக்கு வராது. முன்னாடி நீங்க எப்பவாச்சும் ஃபோன்ல பாப்பீங்க, அக்கா எப்பவாச்சும் பாப்பாங்க, ஒண்ணும் தெரியல. அந்த வாரந்தானே உங்க கடைல பெரிய டிவி மாட்டி இதுல சேத்தேன். அது கடை தொறந்தா மூடுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். அங்க நல்லா தெரிஞ்சுது. நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்க, குடிச்சிட்டுக் கெளம்பிட்டேன். அக்கா ஃபோன்ல வருதான்னு அப்பவே பாத்திருக்கணும். பாக்கல."

மாமா மருமகன் பக்கம் திரும்பினார். "கடைல எதுக்கு மாப்ள டிவி?"

"அம்மாவப் பாத்துக்கத்தான் மாமா."

"உன் ஃபோன்லதான் தெரியுதே. அவ்வளவு பெரிய டிவி எதுக்கு?"

கேமராக்காரருக்குக் காரணம் தெரியும். டிவி மாட்டிய அன்றே அவர் காது படக் கேட்டிருந்தார். கடைக்கு வந்தவர்களிடம் சுவரைக் காட்டி முதலாளி சொன்னார்: "அது எங்கம்மா. இப்ப, இந்த நிமிஷம் வீட்ல தூங்குறாங்க. படுத்திருக்கிறது நம்ம மெத்தை. எப்படித் தூங்குறாங்க பாருங்க." வந்தவர்களும் பார்த்து மெத்தையும் வாங்கினார்கள். பெற்ற தாய் தூங்குவதைக் காட்டி வியாபாரம் செய்யும் மகனை எங்கேயும் பார்த்ததில்லை என்று கேமராக்காரர் அன்றைக்கு மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது சிரிப்பு வரவில்லை.

"சார், சந்தேகம் இருந்தா ஒண்ணு பண்ணலாம். கடைல டிவி ஓடுதா இப்ப?"

"தெரியல. காலைல பஞ்சு கடையத் தொறந்தா எல்லா ஸ்விட்சையும் போடுவான்."

பஞ்சு கடையில் மெத்தை தூக்கும் ஆள். வெகுகாலமாக அங்கேயே இருக்கிறார். தலையிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர்.

"ஃபோனப் போட்டு டிவிய அணைக்கச் சொல்லுங்க. அணைச்சதும் அக்கா ஃபோன்ல படம் வரணும். வந்தா நான் சொன்னது சரி."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"கூப்பிடு மாப்ள" என்றார் மாமா. "உண்மை தெரியணும்னு சொன்னல்ல? சத்தமா வையி, நானும் கேக்கறேன்."

மெத்தைக்கடைக்காரர் எண்ணை அழுத்தினார். மணி ஒருமுறை அடித்து முடிவதற்குள் பஞ்சு எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மொதலாளி. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் கட்டில் பக்கத்துல இருக்கீங்க. மாமா மடில குடை வச்சிருக்காரு, பாவம், வேட்டியெல்லாம் ஈரமாயிருக்கும்."

எல்லாரும் தங்களை அறியாமல் கேமராவை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பஞ்சு, டிவிய அணை."

"அணைச்சிடறேன் மொதலாளி. நானே கேக்கலாம்னு இருந்தேன். நேத்துலேர்ந்து இந்தக் காலிக் கட்டிலப் பாக்க முடியல. அன்னிக்கும் இப்பிடித்தான் ரொம்ப நேரம் காலியாவே கெடந்துச்சு."

"சரி சரி, அணைச்சிட்டு வை."

"இருப்பா" என்றார் மாமா. "அன்னிக்கு நீ பாத்தியா?"

"பாத்தேங்க. பாத்து சொன்னேனே மொதலாளிகிட்ட. அம்மாவ ரொம்ப நேரமாக் காணோம், பாப்பாவுக்கு ஒரு ஃபோன் போடட்டுமான்னேன். கடைல பார்ட்டி இருந்தாங்க, புதுசாக் கல்யாணமான ஜோடி. மொதலாளி வெளையாட்டாச் சொன்னாரு, ஆள் இல்லாட்டித்தாண்டா மெத்தை நல்லாத் தெரியும், விடுன்னு. அவங்களும் சிரிச்சாங்க. நானும் பாத்ரூம் போயிருப்பாங்கன்னு நெனச்சு லோடு எறக்கப் போயிட்டேன். அப்புறம் மறந்துட்டேங்க. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

பஞ்சு அழும் சத்தம் கேட்டது, பிறகு லைன் போயிற்று.

மெத்தைக்கடைக்காரர் ஃபோனைக் காதில் வைக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. தூறல் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இவர் குரல் ஏன் இவ்வளவு உயரத்தில் இருந்தது என்று மாமாவுக்கு இப்போது புரிந்தது. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அக்கா மகனின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் திட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் மாமா" என்றார் மெத்தைக்கடைக்காரர். அவ்வளவு பெரிய உடம்பு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தது. அம்மா படுத்த குழியில் கை படவும் திடுக்கிட்டு எழுந்தது.

பாப்பா அண்ணனைப் பார்க்கவில்லை. பஞ்சு சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கையிலிருந்த ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கடையில் டிவி அணைந்துவிட்டது. சாம்பல் வட்டம் நின்றது. படம் ஒருமுறை துடித்தது. அம்மா போய்விட்டாள். அந்த இடத்தில் காலிக் கட்டிலும், அதைச் சுற்றி இந்த நாலு பேரும் இருந்தார்கள். தலை குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன் நரைத்த உச்சந்தலையை அவள் பார்த்தாள்.

"வந்திருச்சு பாருங்க" என்று கேமராக்காரர் மாமாவிடம் சொன்னார். தான் கண்டுபிடித்தது சரி என்பதில் அவருக்கு ஒரு நொடி நிம்மதி. "அக்கா மேல ஒரு தப்பும் இல்லைங்க."

பாப்பா விரலால் படத்தைத் தள்ளினாள். மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். காலிக் கட்டில்தான் வந்தது.

"தம்பி, பழசு எங்க?"

"எது அக்கா?"

"அம்மா இருந்தது."

கேமராக்காரருக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் விளங்கியது. "புதுப் படம் வந்தா பழசு போயிரும்க்கா. அது எங்கயும் தங்காது."

"மறுபடி டிவியப் போடச் சொல்லு."

"போட்டாலும் வராதுக்கா. இனிமே இந்தக் காலிக் கட்டில்தான் நிக்கும்."

"அது போயிரும்னு முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"தப்புதான்க்கா." அவர் அவசரமாகப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இதுல இருக்கு. அன்னிக்குக் காலைல அவங்க தூங்குனது முழுசா இருக்கு. பிடிச்சு உங்க ஃபோன்ல போட்டுத் தரேன். எப்ப வேணா பாக்கலாம்."

பாப்பா ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள். டீ போட்டுக் கொடுப்பதாகச் சொன்னது ஞாபகம் வந்ததுபோல் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் தம்பி" என்றாள். "அதுல எந்திரிச்சுப் போயிருவாங்க."